மூளைக்குள் பொருத்தும் பரிசோதனைக் கருவி: எத்திக்ஸ் கமிட்டியின் பொது உறுப்பினர் ஆய்வுத் திட்டத்தைப் படிக்கும் முறை

கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ சேலத்திலோ உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில், மனிதரிடம் நடத்தும் ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் எத்திக்ஸ் கமிட்டியில் (நெறிமுறைக் குழுவில்) 'லே மெம்பர்' என்னும் பொது உறுப்பினர் இடத்துக்கு அழைக்கப்படுபவர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராகவோ வங்கி மேலாளராகவோ மில்லில் கணக்குப் பார்த்தவராகவோ இருப்பார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள், மருத்துவத் துறையைச் சாராத, உள்ளூர் மொழியையும் பழக்கவழக்கங்களையும் அறிந்த ஒருவரையே இந்த இடத்துக்குக் கேட்கின்றன. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் 2019-இன்படி, கூட்டத்துக்குக் கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, சேர வேண்டுமானால் அங்கிருக்கும் குறைந்தது ஐவரில் ஒருவர் இந்தப் பொது உறுப்பினராக இருந்தாக வேண்டும். நீங்கள் வராவிட்டால் கூட்டம் செல்லாது. மூளைக்குள் பொருத்தும் பரிசோதனைக் கருவி ஒன்றின் ஆய்வுத் திட்டம் உங்கள் மேசைக்கு வந்தால், அதை எந்த வரிசையில் படிப்பது, எதைக் கேட்பது, எதற்கு விடை கிடைக்கும்வரை ஒப்புதல் தராமல் இருப்பது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்

ஆய்வுத் திட்டத்தின் முதல் நாற்பது, ஐம்பது பக்கங்களில் நரம்பியல் இருக்கும். மின்முனை எந்த இடத்தில் பதிகிறது, சமிக்ஞை எப்படிப் பிரித்தெடுக்கப்படுகிறது என்பதைச் சோதிக்கக் குழுவில் மருத்துவர்களும் அடிப்படை விஞ்ஞானியும் இருக்கிறார்கள். நீங்கள் நேராகக் கோப்பின் பின்பகுதிக்குச் செல்லுங்கள். ஆய்வு முடிந்த பிறகு அந்தக் கருவி யாருடைய தலையில், யாருடைய செலவில், யாருடைய பராமரிப்பில் இருக்கப்போகிறது என்பது அங்கேதான் இருக்கும். இல்லையென்றால் எங்குமே இருக்காது. கோவையில் பம்புசெட் வாங்க வரும் விவசாயி, மோட்டாரின் குதிரைத்திறனைக் கேட்கும்போதே சர்வீஸுக்கு ஆள் எங்கே இருக்கிறார், இந்த மாடலுக்குப் பத்து வருடம் கழித்தும் பாகம் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுவார். மண்டை ஓட்டைத் திறந்து வைக்கும் கருவிக்கு அந்த அளவு விசாரணைகூட இல்லாமல் உலகின் பெரிய நிறுவனங்களிலேயே ஒப்புதல்கள் தரப்பட்டிருக்கின்றன.

இரண்டு நிகழ்வுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் நியூரோவிஸ்டா என்ற நிறுவனம், வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே உணர்த்தும் கருவியைப் பதினைந்து பேருக்குப் பொருத்தி ஆய்வு செய்தது. அவர்களுள் ஒரு பெண்மணிக்கு அந்த எச்சரிக்கையே வாழ்க்கையைத் திருப்பித் தந்தது. 2013-இல் நிறுவனத்திடம் பணம் தீர்ந்தது. கருவியை விலைக்கு வாங்கிக்கொள்ளவும் அவரும் கணவரும் முயன்றும் பயனின்றி, அவர் விருப்பத்துக்கு மாறாக அது அகற்றப்பட்டது. அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனத்தின் ஆர்கஸ் 2 என்னும் விழித்திரைக் கருவியோ, ஆய்வுக் கட்டத்தைத் தாண்டி 2013-இல் அந்நாட்டு அரசின் அனுமதியும் பெற்றது. 350-க்கும் மேற்பட்டோர் அதைப் பொருத்திக்கொண்ட பிறகு, 2019-இல் உற்பத்தி நின்றது. அடுத்த ஆண்டில் நிறுவனமே மூடப்படும் நிலைக்கு வந்தது. கருவி பழுதானால் யாரிடம் போவது என்று தெரியாமல் பயனர்கள் தவித்தார்கள். இரண்டு இடங்களிலும் அறுவை சிகிச்சை தோற்கவில்லை. நிறுவனத்தின் நிதிதான் தோற்றது. ஆகவே நிறுவனத்தின் நிதிநிலை என்பது நிர்வாகத் தகவல் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது நோயாளியின் பாதுகாப்பைப் பற்றிய தகவல்.

மருத்துவ ஆய்வு நெறிமுறைகளுக்கான உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனமும், ஆய்வுக்குப் பிந்தைய ஏற்பாடுகளை ஆய்வு தொடங்கும் முன்பே செய்திருக்க வேண்டும் என்கிறது. அதனால் பின்வரும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். கருவி பயன் தந்தால் அதை வைத்துக்கொள்ளும் உரிமை பங்கேற்பாளருக்கு உண்டா? பேட்டரி தீர்ந்தால் அடுத்த அறுவை சிகிச்சைக்கு யார் பணம் கட்டுவார்கள்? அகற்ற விரும்பினால் அந்தச் செலவு யாருடையது? அகற்றுவது பாதுகாப்பானதா, அல்லது மின்முனையை உள்ளேயே விட்டுவிடும் நிலை வருமா? ஆய்வை நடத்தப் பொறுப்பேற்றுப் பணம் தரும் ஸ்பான்சர் நிறுவனம் திவாலானால், இந்தக் கடமைகளுக்கென்று தனியாக ஒதுக்கிய வைப்புத்தொகையோ காப்பீடோ இருக்கிறதா, அந்தக் காப்பீடு ஆய்வு முடிந்த நாளோடு முடிந்துவிடுகிறதா? "ஸ்பான்சர் உரிய முறையில் பரிசீலிப்பார்" என்று வரும் பதில் பதிலே அல்ல. தொகை, காலம், பொறுப்பேற்பவரின் பதவி ஆகிய மூன்றும் உள்ள பதில் வரும்வரை கோப்பைத் திருப்பி அனுப்பலாம்.

தாளவாடியிலிருந்து வருபவரை மனத்தில் வைத்துப் படியுங்கள்

பாதுகாப்பு அத்தியாயத்தை எழுதுபவர் மருத்துவமனை வளாகத்துக்குள் நின்று எழுதுகிறார். பங்கேற்பாளர் தாளவாடியிலோ வால்பாறையிலோ அந்தியூர் மலைப் பகுதியிலோ இருப்பார். தாளவாடியிலிருந்து கீழே இறங்க வேண்டுமானால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அந்தக் காட்டுச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. இரவு பத்து மணிக்குத் தலையில் உள்ள தையலில் சீழ் கோத்துக் காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்வது, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு இந்தக் கருவியைப் பற்றித் தெரியுமா என்று கேளுங்கள். மூளையின் ஆழத்தில் மின்முனை வைத்து மின்தூண்டல் தரும் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சையில் மூளைக்குள் இரத்தக் கசிவு நூறில் ஓரிருவர் என்ற அளவில் நேரக்கூடியது. தொற்று அதைவிட அதிகமாகவே காணப்படுவது. அவற்றைக் குழுவின் மருத்துவர்கள் எடைபோடுவார்கள். தொலைவை எடைபோட நீங்கள் இருக்கிறீர்கள்.

இதில் எளிதில் தவறவிடப்படும் ஓர் இடம் பிசியோதெரபி. தோள்வலிக்கு வெப்பம் கொடுக்க ஷார்ட்வேவ் டயாதெர்மி எந்திரம் நம் சிற்றூர் கிளினிக்குகளிலும் இருக்கிறது. மூளையில் மின்முனை உள்ளவருக்கு அதைப் பயன்படுத்தினால் மின்முனையைச் சுற்றியுள்ள திசு சூடேறிக் கடுமையான மூளைச் சேதம் நேரலாம். ஆழ்மூளைத் தூண்டல் கருவிகளில் இது நேர்ந்திருக்கிறது, அதனால் டயாதெர்மி அவர்களுக்கு முற்றிலும் கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் கருவிக்குக் கருவி மாறும் கட்டுப்பாடுகள் உண்டு. தாராபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் நிற்கும்போது இந்தப் பங்கேற்பாளர் எதைக் காட்டுவார்? கருவியின் பெயர், கூடாதவை, இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கப்படும் தொலைபேசி எண் ஆகியவை தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட அட்டை ஒன்று ஒவ்வொருவருக்கும் தரப்பட வேண்டும் என்பதை ஒப்புதலின் நிபந்தனையாகவே வையுங்கள்.

ஒப்புதல் படிவம்

உங்கள் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். தமிழ்ப் படிவத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை இரண்டு முறை படித்தும் பொருள் பிடிபடவில்லை என்றால் பென்சிலால் குறித்துவையுங்கள். கோப்பு இரகசியமானது என்பதால் வீட்டில் யாரிடமும் படித்துக் காட்டக் கூடாது. ஆனால் மருத்துவமனையைச் சாராத சிலரிடம் படிவத்தைப் படிக்கக் கொடுத்து, அவர்கள் புரிந்துகொண்டதை எழுதி வாங்கிச் சமர்ப்பிக்கும்படி ஆய்வாளரைக் கேட்கலாம்.

அடுத்து, கையொப்பம் இடும் பகுதியைப் பாருங்கள். ஆனைமலைப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவற்றுப்போன ஒருவர், எண்ணத்தால் கணினியை இயக்கும் கருவியின் ஆய்வுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் "கையொப்பம் அல்லது இடது கைப் பெருவிரல் ரேகை" என்று மட்டும் அச்சாகியிருக்கும். அவரால் பேனாவைப் பிடிக்க முடியாது. இன்னொருவர் அவர் விரலைப் பிடித்து மையில் ஒற்றினால் அது யாருடைய சம்மதம்? பேச முடிந்தவரானால், நடுநிலைச் சாட்சி ஒருவர் முன்னிலையில் அவர் வாயால் சொல்வதை ஒளிப்பதிவு செய்யலாம். பேச்சும் போய்க் கண் சிமிட்டலால் மட்டுமே பதில் சொல்பவரானால், ஆம் என்பதற்கு எத்தனை சிமிட்டல் என்பதை முதலில் சோதித்து, ஒரே கேள்வியை நேராகவும் மாற்றியும் கேட்டு, பதில் ஒத்துவருகிறதா என்று பார்க்கும் முறை திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சிமிட்டலைப் படித்துச் சொல்பவர் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. "நீங்க சொன்னாச் சரிதானுங்க டாக்டர்" என்பதும், "பெரியப்பா சரின்னுட்டாப் போட்டரலாமுங்க" என்பதும் மரியாதையின் வெளிப்பாடுகள்; சம்மதம் அல்ல. குடும்பத்தோடு கலந்து பேசுவதைத் தடுக்க வேண்டியதில்லை, அதற்கென்று சில நாள் அவகாசம் தருவதே முறை. ஆனால் முடிவுக்கு முன் ஒரு முறையாவது பங்கேற்பாளரிடம் தனியாகப் பேச வேண்டும். அப்போது "புரிந்ததா?" என்று கேட்பதில் பயனில்லை, புரியவில்லை என்று டாக்டரிடம் சொல்ல நம் மக்களுக்குக் கூச்சம். "ஐயா, ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் உங்க பங்காளி கேட்டா, இது எதுக்குன்னு சொல்லுவீங்க?" என்று கேட்க வேண்டும். "நடக்க வெச்சுருவாங்கன்னு சொல்லுவனுங்க" என்று பதில் வந்தால், அன்று கையெழுத்து வாங்கக் கூடாது.

அந்தப் பதில் வருவதற்குக் காரணமும் இருக்கிறது. பரிசோதனையையே சிகிச்சை என்று எண்ணிக்கொள்வது, வேறு வழியற்ற நோயாளிகளிடம் மிகவும் இயல்பு. 2004-இல் அமெரிக்காவில் பிரெயின்கேட் ஆய்வில் 96 மின்முனைகள் கொண்ட சில்லு பொருத்தப்பட்ட முதல் மனிதர், கணினித் திரையில் சுட்டியை நகர்த்தினார். அவருடைய கை கால்கள் அசையவில்லை. 2024 ஜனவரியில், எண்ணத்தால் கணினியை இயக்கும் கருவியைத் தயாரிக்கும் நியூராலிங்க் நிறுவனத்தின் கருவியைப் பெற்ற முதல் மனிதருக்கு, சில வாரங்களிலேயே மின்முனை இழைகளில் பல மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டன. மென்பொருளை மாற்றித்தான் அதை ஈடுகட்டினார்கள். படிவத்தின் முதல் பக்கத்திலேயே, "இது சிகிச்சை அல்ல, உங்களுக்கு நேரடிப் பயன் கிடைக்காமலும் போகலாம்" என்ற வரி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தால் போதாது.

அனுமதிகள்

இவற்றைச் சரிபார்ப்பது எளிது. மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இன்படி, இன்னும் அங்கீகரிக்கப்படாத கருவியை மனிதரிடம் சோதிக்க மத்திய உரிமம் வழங்கும் அதிகாரியின் அனுமதி வேண்டும், அது எம்.டி.-23 என்னும் படிவத்தில் வரும். முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்னும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் ஆய்வு பதிவாகியிருக்க வேண்டும். 2018 ஏப்ரலுக்குப் பின் தாமதப் பதிவு ஏற்கப்படுவதில்லை. நியூராலிங்க் தன் முதல் அறுவையைச் செய்தபோது அமெரிக்கப் பொதுப் பதிவேட்டில் அந்த ஆய்வு இல்லாததை நெறிமுறை அறிஞர்கள் கண்டித்தார்கள் என்பதை வைத்து, இந்த ஒரு விஷயத்தில் நம் விதி கடுமையானது என்றே சொல்வேன்.

மனச்சோர்வு, மூர்க்கம் போன்றவற்றுக்கான கருவி என்றால் மட்டும் சற்று நின்று பாருங்கள். மனநோய்க்கும் மூர்க்கத்துக்கும் மூளையில் அறுவை செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா ஆகியோர் 1960-களிலிருந்தே இத்தகைய அறுவைகளைச் செய்தனர்; கனகா 1975-இல் மூளைக்குள் நீண்டகால மின்முனைகளையும் பொருத்தினார். அக்காலத்தில் அடங்காத குழந்தைகளுக்குக்கூட உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப் பகுதியில் அறுவை செய்யப்பட்டது. அன்றைய மருத்துவ அறிவுக்கு ஏற்பச் செய்தார்கள் என்பது உண்மை. அந்தக் குழந்தைகளைக் கேட்க யாரும் இல்லை என்பதும் உண்மை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 96-ஆம் பிரிவு, மனநோய்க்கான மூளை அறுவைக்கு நோயாளியின் சம்மதத்தோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலையும் கட்டாயமாக்குகிறது. வந்திருக்கும் திட்டம் இந்தப் பிரிவுக்குள் வருமா என்று குழுவின் சட்ட உறுப்பினரிடம் எழுத்தில் கருத்துக் கேளுங்கள்.

மூளைச் சமிக்ஞைத் தரவைப் பற்றி ஆவணத்தில் ஒரு பத்தி இருக்கும். எந்த நாட்டு சர்வருக்குப் போகிறது, நிறுவனம் விற்கப்பட்டால் தரவும் விற்கப்படுமா, பங்கேற்பாளர் விலகினால் அழிக்கப்படுமா என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.

பணத்தைப் பற்றிப் பேச மருத்துவர்கள் தயங்குவார்கள். நீங்கள் தயங்க வேண்டாம். போக்குவரத்துச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்ய ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல்கள் இடம் தருகின்றன. அசைவற்ற ஒருவரைக் கூட்டிவரும் மனைவி திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரானால், மருத்துவமனையில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் சனிக்கிழமைச் சம்பளத்தில் குறையும். பங்கேற்பாளருக்கு மட்டும் ஈடு எழுதி, உடன் வருபவரை மறந்த திட்டங்களே அதிகம். தொகை வருமானத்தை ஒட்டி இருக்கட்டும். கடன்பட்டவர் தொகைக்காகவே மண்டையைத் திறக்கச் சம்மதிக்கும் அளவுக்குப் போகக் கூடாது.

கூட்டத்தில்

ஆய்வாளர் விளக்கம் தந்து முடித்ததும் முடிவெடுக்கும் முன் அவர் அறையை விட்டு வெளியேற வேண்டும். அவரே குழு உறுப்பினராக இருந்தாலும் அப்படித்தான். ஸ்பான்சரோடு உங்களுக்கோ உங்கள் குடும்பத்துக்கோ வணிகத் தொடர்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட்டு நீங்களும் வெளியேறுங்கள். உங்கள் கேள்விகளை முன்கூட்டியே எழுதி உறுப்பினர் செயலரிடம் கொடுத்தால் அவை குறிப்பேட்டில் ஏறும். வாயால் மட்டும் கேட்டது பெரும்பாலும் ஏறாது. குழுவின் முடிவு மூன்றில் ஏதேனும் ஒரு வகையாக இருக்கலாம்: அப்படியே ஏற்பது, திருத்தி மீண்டும் கொண்டுவரச் சொல்வது, மறுப்பது. இரண்டாவதைக் கேட்பதால் ஆய்வுக்கு நீங்கள் எதிரி ஆகிவிடமாட்டீர்கள்.

ஒப்புதல் தந்த பிறகும் குழுவின் பொறுப்பு முடிவதில்லை. கடுமையான பாதிப்பு அறிக்கைகள் குழுவுக்கு வரும், ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுஆய்வு நடக்கும், ஆய்வு நடக்கும் இடத்தை நேரில் பார்க்கவும் குழுவுக்கு உரிமை உண்டு. நேரில் போகும்போது கையெழுத்தான ஒப்புதல் படிவம் ஒன்றை எடுத்து, குழு அங்கீகரித்த பதிப்பின் எண்ணும் தேதியும் அதில் இருக்கின்றனவா, சாட்சி கையெழுத்திட்ட நாளும் அறுவை நடந்த நாளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே நாளாக இருந்தால், யோசிக்க அவகாசம் தந்தார்களா என்று அடுத்த கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள்.