கொத்தமல்லிக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்

தொட்டியில் கொத்தமல்லி போடும்போது கை நிறைய அள்ளித் தூவிவிடுகிறோம். முளைத்து வரும்போது பச்சைப் பாய் விரித்தது போல அழகாகத்தான் இருக்கும். அப்புறம்தான் சிக்கல். வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுத் தண்டு நூலாக நீண்டு சாயும், காற்றோட்டம் இல்லாமல் அடித்தண்டு அழுகும்.

ஒரு தனியா உருண்டைக்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. அதனால்தான் உடைத்து விதைக்கிறோம். நெருக்கமும் நாம் நினைத்ததைவிட இரண்டு மடங்காகிவிடுகிறது!

எவ்வளவு இடைவெளி என்பது நீங்கள் பறிக்கும் விதத்தைப் பொறுத்தது. ஒரே தடவையில் வேரோடு பிடுங்குவதென்றால் செடிக்குச் செடி 3 முதல் 5 செ.மீ. போதும், செடி சிறியதாக இருந்தாலும் கட்டு பெரிதாகக் கிடைக்கும். கிள்ளிக் கிள்ளி எடுப்பதென்றால் 10 செ.மீ.யாவது விடுங்கள். எண்ணிக்கை குறையும், ஆனால் ஒவ்வொரு செடியும் அகன்று வளர்ந்து இரண்டு மூன்று முறை தழைக்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

ஏற்கெனவே நெருக்கமாக முளைத்துவிட்டதா? பிடுங்காதீர்கள், பக்கத்துச் செடியின் வேர் ஆடிவிடும். கத்தரிக்கோலால் அடியில் வெட்டி ரசத்தில் போட்டுவிடுங்கள்.

புதினாவுக்குத் தாராளமாக 30 செ.மீ. வேண்டும். ஓடுதண்டு விட்டுத் தானே பரவும், ஒரு தொட்டிக்கு இரண்டு குச்சியே அதிகம்.