தீவுக்குப் போகும் சிறு படகு: கரையிலேயே செய்துவிடும் தவறுகள்

கொழும்பிலிருந்து டிரெய்லரில் படகை இழுத்துக்கொண்டு கற்பிட்டிக்குப் போய், அங்கிருந்து பத்தலங்குண்டுத் தீவுக்கு ஓர் இரவு தங்கப் போவது நல்ல பயணம். அதில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை கடலில் தொடங்குவதில்லை. முந்தின நாள் வீட்டு வாசலில் சாமான் ஏற்றும்போதே தொடங்கிவிடுகின்றன. 18, 19 அடி ஃபைபர் படகு, 40 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சின், ஐந்து பேர் என்ற அளவை வைத்துத்தான் இங்கே சொல்கிறோம்.

வெறும் படகைச் சோதிப்பது

பொல்கொட வாவியில் இரண்டு பேர் ஏறி, அரைத் தாங்கி பெற்றோலுடன் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். படகு மூக்கை நிமிர்த்தி எழுந்து, தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு பறக்கும். "எல்லாம் சரி" என்று முடிவாகிவிடும். ஆனால் கடலுக்குப் போவது அந்தப் படகு அல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு 70 கிலோ என்றால் ஐந்து பேர் 350 கிலோ. பெற்றோல் 50 லீற்றர், ஏறக்குறைய 37 கிலோ. குடிதண்ணீர் 60 லீற்றர், 60 கிலோ. ஐஸ் பெட்டி, கூடாரம், அடுப்பு, பைகள், நங்கூரம் எல்லாம் சேர்ந்து இன்னொரு 90 கிலோ. மொத்தம் அரைத் தொன்னைத் தாண்டுகிறது. இந்தப் பாரத்தில் சில படகுகள் எழவே எழாது. முழு வேகம் கொடுத்தாலும் பின்பக்கம் அமுங்கி, தண்ணீரை உழுதுகொண்டுதான் போகும். வேகம் பாதியாகிவிடும், பெற்றோல் மட்டும் முழுதாய்ப் போகும்.

அதனால் சோதனை ஓட்டத்தையே பாரத்தோடு செய்யுங்கள். சாமானுக்குப் பதிலாக 20 லீற்றர் கேன்களில் வாவித் தண்ணீரை நிரப்பி ஏற்றினால் போதும். ஒரு கேன் 20 கிலோ. அப்போதும் படகு எழவில்லை என்றால் ஒரு ஆளைக் குறைக்க வேண்டும், அல்லது பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பெல்லர் போட வேண்டும். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் எஞ்சினின் சுழற்சி நிமிடத்துக்கு 150 முதல் 200 வரை கூடும். பாரம் ஏறிய படகை அதுதான் தூக்கும்.

பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். பெற்றோலும் தண்ணீரும் நடுப்பகுதியில், தரையோடு தரையாக இருக்கட்டும். பாய், துணி, ரொட்டி போன்ற இலேசானவை முன்னே போகட்டும். முன்பக்கம் கனத்தால், காற்றோடு சேர்ந்து அலையின் முதுகில் இறங்கும்போது மூக்கு அடுத்த அலைக்குள் குத்தும், பின்பக்கம் சுழன்று படகு குறுக்கே திரும்பிவிடும். பின்பக்கம் கனத்தால், துரத்தி வரும் அலை எஞ்சின் பலகையைத் தாண்டி உள்ளே ஏறும். ஐஸ் பெட்டியைக் கட்டாமல் விடவே கூடாது. ஓர் அலையில் அது ஒரு பக்கம் வழுக்கினால் படகும் அந்தப் பக்கம் சாயும்.

பெற்றோலைத் தூரத்தால் கணக்கிடுவது

"ஒரு பக்கம் 25 கிலோமீற்றர்தானே, ஒரு தாங்கி காணும்" என்பது ஆபத்தான கணக்கு. கடலில் பெற்றோலை மணிக்கணக்கில்தான் அளக்க வேண்டும். 40 குதிரைவலு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் பாரத்தோடு ஓடும்போது மணிக்கு 16 லீற்றர் அளவில் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக ஒரு மணி நேரம், 16 லீற்றர். திரும்பி வரவும் 16. கையிருப்பு இன்னொரு 16. போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, நினைக்காததற்கு ஒரு பங்கு. ஆக 48 லீற்றர், அதாவது 24 லீற்றர் தாங்கி இரண்டு. எதிர்காற்றில் வரும்போது ஒரு மணி நேரம் ஒன்றரையாகும். அந்த மூன்றாம் பங்கு அதற்குத்தான்; தீவைச் சுற்றிப் பார்க்க அல்ல.

ஒயில் கலவையை முந்தின நாளே வீட்டில் அளந்து கலந்துவிடுங்கள். 50:1 என்றால் 24 லீற்றருக்கு 480 மில்லிலீற்றர். உங்கள் எஞ்சினுக்கு எந்த அளவு என்பதைக் கைநூலில் பாருங்கள். தாங்கியைக் கழுத்துவரை நிரப்பக் கூடாது. வெயிலில் பெற்றோல் விரியும். நிரப்பும்போது தாங்கி படகுக்குள் இருக்கவும் கூடாது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

நல்ல எஞ்சினைக்கூட நடுக்கடலில் நிறுத்தும் சின்னத் தவறு ஒன்று உண்டு. தாங்கி மூடியின் மேலுள்ள காற்றுத் திருகைத் திறக்க மறப்பது. சில நிமிடம் நன்றாக ஓடும், பிறகு இழுத்து இழுத்து நின்றுவிடும். அப்போது எரிபொருள் குழாயிலுள்ள ரப்பர் உருண்டையைத் தொட்டுப் பாருங்கள். அது உறிஞ்சப்பட்டுத் தட்டையாகிக் கிடந்தால் காற்றுத் திருகு மூடியிருக்கிறது, அல்லது தாங்கிப் பக்கம் அடைப்பு. எவ்வளவு அமுக்கினாலும் இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று உள்ளே போகிறது. பெரும்பாலும் குழாய் முனை இணைப்பிலுள்ள சின்ன ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். மாற்று வளையம் இரண்டைக் கையோடு வைத்திருங்கள்.

வாகனச் சாமானைப் படகுக்குப் போடுவது

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் குழாய்க் கிளிப் மலிவாகக் கிடைக்கும். பட்டை துருப்பிடிக்காத எஃகாக மின்னும். ஆனால் பலவற்றில் திருகு சாதாரண இரும்பு. சில மாத உப்புக்காற்றில் திருகு உதிர்ந்துபோகும், பட்டை மட்டும் புதிதுபோல நிற்கும். வாங்கும்போது சிறு காந்தம் ஒன்றைத் திருகில் வையுங்கள். கெட்டியாகப் பிடித்தால் வேண்டாம்.

மாற்றுச் சாமானாக ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், எரிபொருள் வடிகட்டி, புரொப்பெல்லர், அதன் நட், நட்டில் செருகும் பின் ஆகியவை போதும். புரொப்பெல்லரை எடுத்துக்கொண்டு பின்னை விட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். குளிரூட்டும் தண்ணீர் பீச்சும் துளை அடைத்தால் குத்தித் துப்புரவாக்கத் தடித்த தூண்டில் நரம்புத் துண்டு ஒன்றும் வேண்டும். கம்பியால் குத்தினால் உள்ளே கீறும்.

வழியில் டிரெய்லர் பற்றியும் ஒரு சொல். பாலாவியில் திரும்பி நீள ஓடிவந்த சக்கரம் சூடாக இருக்கும். அப்படியே உப்புத் தண்ணீருக்குள் இறக்கினால், பெயரிங் குளிரும்போது தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அரை மணி ஆற விடுங்கள். படகின் பின்னடியில் தண்ணீர் வடியும் துளையின் மூடியைப் போட அந்த நேரம் உதவும்.

கொழும்பு வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது

வெள்ளவத்தைக் கடற்கரை அமைதியாக இருப்பது கற்பிட்டியைப் பற்றி எதுவும் சொல்லாது. வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புகளைப் பிரித்தே முன்னறிவிப்பு தருகிறது. கற்பிட்டிக்குப் போகிறவர் புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகப் போகும் பகுதியையும், புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை போகும் பகுதியையும், இரண்டையுமே பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று. அந்தக் காலத்தில் இந்தப் பயணமே வேண்டாம். மற்ற மாதங்களிலும் காலையில் கண்ணாடிபோல் கிடக்கும் கடல் மதியத்துக்குப்பின் கடற்காற்றில் கிளம்பிவிடும். விடியும்போது புறப்பட்டு, திரும்பும் நாளில் பத்து மணிக்குள் கரை சேருங்கள்.

அவசரத்துக்கு வேண்டியதை அடியில் வைப்பது

உயிர்காப்பு அங்கிகளை முதலில் படகில் போட்டு, அதன்மேல் எல்லாப் பைகளையும் அடுக்குவது வழக்கமாகிவிட்டது. தண்ணீருக்குள் விழுந்தபின் அங்கி மாட்டுவது மிகக் கடினம். புறப்படுமுன்னே எல்லோரும் போட்டுக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்குக் காலிடைப் பட்டி உள்ளதாகப் பாருங்கள். ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தும் சுருள்கயிற்றைக் காலில் மாட்டியிருக்க வேண்டும். கை எட்டும் இடத்தில் கயிறு கட்டிய வாளி, விசில், டோர்ச், கத்தி, வானொலி. கையடக்க வீ.எச்.எஃப். வானொலியில் 16ஆம் அலைவரிசைதான் ஆபத்துக்கு அழைப்பது. கைபேசி நீர்புகாப் பைக்குள் இருந்தாலும் தனியாக ஒரு திசைகாட்டி வேண்டும். அதன் அருகே ஸ்பேனர் பெட்டியை வைத்தால் முள் பொய் சொல்லும்.

நங்கூரத்துக்கு ஆழத்தின் அளவே கயிறு கொண்டுபோவது இன்னொரு தவறு. 5 மீற்றர் ஆழம், முன்பக்கத்தின் உயரம் 1 மீற்றர் என்றால் 6 மீற்றர். அதன் ஐந்து மடங்காவது, அதாவது 30 மீற்றர் விட வேண்டும். நங்கூரத்தோடு சில மீற்றர் சங்கிலி சேர்ந்தால்தான் அது படுத்து மணலைக் கவ்வும். கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப் பவளப்பாறைத் தொடர் 1992இலிருந்து பாதுகாக்கப்பட்ட கடற்பரப்பு. அங்கே பவளத்தின்மேல் நங்கூரம் விழவே கூடாது. வெண்மணல் தெரியும் இடம் தேடுங்கள்.

குடிதண்ணீரை ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர், கூடவே ஒரு நாள் மேலதிகம் என்று வைத்து, 5 லீற்றர் கேன்களில் பிரித்துக் கொண்டுபோங்கள். ஒரே பெரிய கேன் உடைந்தால் எல்லாம் போச்சு.

கடைசியாக, கொழும்பில் வீட்டிலிருக்கும் ஒருவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: படகின் நிறமும் இலக்கமும், ஆட்களின் பெயர், இறங்கும் இடம், போகும் தீவு, திரும்பும் நேரம், எத்தனை மணிக்குமேல் தகவல் இல்லையென்றால் 119க்கோ (பொலிஸ்) 117க்கோ (அனர்த்த முகாமைத்துவ நிலையம்) அழைக்க வேண்டும் என்பது. கரை சேர்ந்ததும் எஞ்சினைக் கழுவுவதற்கு முன்பே அவருக்கு அழைப்பெடுங்கள்.