ஹேமடைட்டா இல்லையா: உரசிப் பார்க்கும் வழி

கறுப்பாக, கனமாக ஒரு கல் கிடைத்தால் பலரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஹேமடைட் என்ற இரும்புத் தாது எஃகுச் சாம்பல், கறுப்பு, மண் சிவப்பு என்று பல நிறங்களில் வரும். தூளாக்கினால் மட்டும் எப்போதும் சிவப்புதான்.

அதனால் முதல் வேலை உரசுவது. மெருகு பூசாத வெள்ளைப் பீங்கான் வேண்டும். டைல்ஸ் துண்டின் பின்பக்கம் போதும், ஆனால் செம்மண் நிற டைல்ஸ் உதவாது, கோடே தெரியாது. கல்லின் புதிதாக உடைந்த முனையை அழுத்தி இழுங்கள். கோடு செம்பழுப்பாக விழுந்தால் ஹேமடைட். கறுப்பாக விழுந்தால் மேக்னடைட் என்ற இன்னொரு இரும்புத் தாதுவாக இருக்கலாம். மஞ்சள் கலந்த பழுப்பு என்றால் அது கோதைட் என்ற வேறொரு இரும்புக் கனிமமாக இருக்கலாம். மேல்தோலில் படிந்த துரு ஏமாற்றும் என்பதால்தான் புது முனை.

அப்புறம் காந்தம். மேக்னடைட் சட்டென்று ஒட்டும், ஹேமடைட் அப்படி ஒட்டாது. லேசாக இழுத்தால் குழம்ப வேண்டாம். இரண்டும் ஒரே கல்லில் கலந்திருப்பது சகஜம். அங்கேயும் கோடு சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

இன்னும் சந்தேகமா? சரி, அடர்த்தியைப் பாருங்கள். கல்லை எடை போடுங்கள். பிறகு தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். இப்போது காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டரில் கல்லின் கன அளவு. எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. 106 கிராம் கல்லுக்கு 20 காட்டினால் அடர்த்தி 5.3, சுத்தமான ஹேமடைட்டுக்கு அதுதான். குவார்ட்ஸ் கலந்திருந்தால் குறையும், ஏனென்றால் அதன் அடர்த்தி 2.65 மட்டுமே.

பயன் என்று கேட்டால் முதலில் எஃகுதான்: சுத்தமான தாதுவின் எடையில் சுமார் 70 சதவீதம் இரும்பு. எனக்குப் பிடித்தது அதன் தூள். மிக நைசாக அரைத்தால் நகைக்கும் கண்ணாடிக்கும் மெருகேற்றலாம். எண்ணெயில் குழைத்தால் வெயிலில் மங்காத சிவப்புச் சாயம். கனமான கல் என்பதால் கதிர்வீச்சைத் தடுக்கும் கான்கிரீட்டிலும் ஜல்லியாகச் சேர்க்கிறார்கள்.

‘காந்த ஹேமடைட்’ என்று விற்கும் மணிகள் ஒன்றோடொன்று பலமாக ஒட்டிக்கொண்டால், அவை பெரும்பாலும் ஆலையில் செய்த ஃபெரைட் என்ற செயற்கைக் காந்தப் பொருள். அழகுக்காக வாங்குங்கள், கனிமத் தொகுப்பில் மட்டும் சேர்க்காதீர்கள்.