பெயின்றுக்கு அடியில் கிடப்பது: பழைய தளபாடம் வாங்கிப் புதுப்பிக்கும்போது திருகோணமலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழகாகப் பெயின்ற் அடித்த பழைய அலுமாரி ஒரு மாரி கழியுமுன்பே கொப்பளித்து உரியத் தொடங்கினால், எங்கள் ஊரில் முதலில் திட்டு வாங்குவது பெயின்ற் ரின். அடுத்தது அதை விற்ற கடைக்காரர். பெரும்பாலும் இரண்டு பேரிலும் பிழை இல்லை. பெயின்ற் பிடிப்பதும் விடுவதும் அதற்கு அடியில் கிடப்பதைப் பொறுத்தது. திருகோணமலையில் அடியில் கிடப்பவை மூன்று: உப்பு, ஈரம், எண்ணெய். இணையத்தில் பார்க்கும் வீடியோக்களில் இந்த மூன்றையும் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். அவற்றை எடுப்பவர்கள் வேறு காற்றில் இருக்கிறார்கள்.

வாங்கும் இடத்திலேயே தொடங்கும் தவறு

பழைய தளபாடம் இங்கே பல வழியில் கைக்கு வருகிறது. வெளிநாடு போகிறவர்கள் வீட்டுச் சாமானை ஒரேயடியாக விற்பார்கள். பிள்ளைகள் பிரித்துக்கொண்ட பழைய வீட்டில் யாருக்கும் வேண்டாத கட்டிலும் கண்ணாடி அலுமாரியும் மிஞ்சும். உப்புவெளி, நிலாவெளிப் பக்க விடுதிகளில் சீசன் முடிந்து திருத்த வேலை நடக்கும்போது கதிரைகள் வெளியே வரும். பேஸ்புக்கிலும் தினமும் யாரோ ஒருவர் படம் போடுகிறார். படத்தைப் பார்த்தே விலை பேசி, பட்டா வாகனத்தையும் பிடித்துக்கொண்டு போய் இறங்குவது பலருடைய வழக்கம். வாகனக் கூலி கொடுத்தாகிவிட்டது, வெறுங்கையோடு திரும்ப மனம் வராது, ஆகவே எதையாவது ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

பகல் வெளிச்சத்தில் போங்கள். மேற்பரப்பைப் பார்த்து மயங்காமல் சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள். காலின் அடி, முதுகுப் பலகை, லாச்சியின் அடித்தட்டு, இந்த மூன்று இடமும் பொய் சொல்லாது. குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். அது பழைய புழுவின் வேலையாக இருக்கலாம். கை முட்டியால் தட்டிப் பாருங்கள். ஓட்டையிலிருந்து வெளிர் நிறத் தூள் புதிதாகக் கொட்டினால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. அதை மூடிப் பெயின்ற் அடிப்பது புழுவுக்குக் கூரை போட்டுக் கொடுக்கிற வேலை. மண்ணெண்ணெய் தடவினால் போதும் என்பார்கள். அது ஆவியாகிப் போய்விடும், முட்டைகள் அப்படியே இருக்கும். மரத்துக்கென்று விற்கும் பூச்சி மருந்தை வாங்கி, பெயின்ற் இல்லாத வெறும் மரத்தில் ஊற விட வேண்டும். காலடியில் ஸ்க்ரூ டிரைவர் முனையை அழுத்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. பொதுக்கென்று இறங்கினால் அந்தக் காலைக் கறையான் தின்றாயிற்று.

மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கமிருந்து வரும் சாமானில் வெள்ளத்தண்ணீர் நின்ற தடம் இருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. நான்கு கால்களிலும் ஒரே உயரத்தில் மங்கிய கோடு இருக்கும். உறுதியான மரம் என்றால் நிழலில் பல வாரம் காய விட்டால் மீண்டுவிடும். மரத்தூளை அழுத்தி ஒட்டிச் செய்த சிப்போட், எம்.டி.எஃப் பலகை என்றால் ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பியது உப்பியதுதான். எத்தனை கோட் அடித்தாலும் அந்த வீக்கம் தெரியும். சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

எல்லா மரத்துக்கும் பெயின்ற் வேண்டியதில்லை

கறுத்துப் போன பழைய மேசையைக் கண்டதும் வெள்ளை அடிக்கக் கை துறுதுறுக்கும். முதலில் அடிப்பக்கத்தில் ஒரு மூலையைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். பொன் மஞ்சளாக மினுங்கினால் முதிரையாக இருக்கலாம். எண்ணெய்ப் பசையோடு பழுப்பு வரிகள் தெரிந்தால் தேக்கு. எங்கள் காடுகளின் சாவண்டலையும் பழைய வீடுகளில் உண்டு. ஆங்கிலேயர் அந்த மரத்துக்குத் திருகோணமலையின் பெயரையே வைத்து வாணிபம் செய்தார்கள். இவற்றின் மேல் பெயின்ற் அடித்தால் பிறகு சுரண்டி எடுப்பதற்குள் உயிர் போய்விடும், சாமானின் விலையும் இறங்கிவிடும். சந்தேகம் என்றால் வயதான ஓடாவி ஒருவரிடம் ஒரு படம் காட்டுங்கள். "தம்பி, இதுக்கா பெயின்ற் அடிக்கப் போறீங்க?" என்று அவர் கேட்கும் தொனியிலேயே விடை கிடைத்துவிடும்.

பெயின்ற் அடிக்க ஏற்றது எது? பல மரங்களைக் கலந்து செய்தது, ஒட்டுப் போட்டது, ஏற்கெனவே யாரோ பெயின்ற் அடித்துக் கெடுத்தது, பிளைவுட், இரும்புக் கட்டில். இவற்றில் தாராளமாகக் கைவைக்கலாம்.

கழுவாமல் தேய்ப்பது

என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. ஆகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

சாய்மனைக் கதிரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தலை சாயும் மேல் சட்டத்திலும் கை வைக்கும் நீள் பலகையிலும் பல வருடத்துத் தேங்காயெண்ணெயும் வியர்வையும் ஊறியிருக்கும். அடுப்படி அலுமாரியில் தாளித்த புகை படிந்திருக்கும். சுவாமித் தட்டில் விளக்கெண்ணெய். கழுவாமல் நேரே சாண்ட் பேப்பரைப் போட்டால் என்ன நடக்கும்? எண்ணெய் போகாது. சூட்டில் இளகி, தூளோடு சேர்ந்து, நீங்கள் புதிதாகத் திறந்த மரத்துளைகளுக்குள்ளேயே இறங்கும். மேலே அடிக்கும் பெயின்ற் அந்த இடத்தில் வட்ட வட்டமாக விலகி நிற்கும். ஸ்பிரே பொலிஷ் போட்டுத் துடைத்த சாமானிலும் இதே கதை. அதிலுள்ள சிலிக்கன் இன்னும் பிடிவாதமானது.

உப்பின் வேலை வேறு. டொக்யார்ட் வீதியிலோ உப்புவெளியிலோ கடலுக்கு அருகே திண்ணையில் கிடந்த சாமானின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்பு படிந்திருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. அதன் மேல் பெயின்ற் அடித்தால், பெயின்றுக்கு அடியில் இருந்துகொண்டே ஈரத்தை இழுத்துக் கொப்பளமாக்கும். சாண்ட் பேப்பரால் உப்பை அகற்ற முடியாது. நல்ல தண்ணீர்தான் அதற்கு மருந்து. நல்ல தண்ணீர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: கரையோரக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீரே உவர். அதால் கழுவினால் உப்பைக் கழுவி உப்பையே பூசிய மாதிரி. குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.

செய்யும் முறை இதுதான். வெந்நீரில் கொஞ்சம் சலவைச் சோடா கரைத்து, கையுறை போட்டு, தும்புத் துண்டாலோ துணியாலோ தேய்த்துத் துடையுங்கள். மரத்தை ஊற வைக்கக் கூடாது. பிழிந்த துணி போதும். பிறகு வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடையுங்கள். எண்ணெய் ஊறிய இடத்தை மட்டும் தின்னர் தொட்ட வெள்ளைத் துணியால், துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கும் வரை துடைத்துக்கொண்டே வாருங்கள். காற்றோட்டமான நிழலில் இரண்டு நாளாவது காய விடுங்கள். சோதித்துப் பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மணியாக உருண்டு நின்றால் மெழுகோ எண்ணெயோ இன்னும் இருக்கிறது. பரவினால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

இரும்புக் கட்டிலுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்து, கழுவி, வெயிலில் காய வைத்து, அன்றைக்கே றெட் ஒக்சைட் என்னும் துருத்தடுப்புப் பூச்சைப் பூச வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால், கடல் காற்றில் மறுநாள் காலை செம்மண் நிறத்தில் மெல்லிய துரு திரும்பி வந்திருக்கும்.

தேய்ப்பதில் இருக்கும் ஆபத்து

பழைய எனாமல் பெயின்ற் பூசிய சாமானை வீட்டுக்குள் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். இலங்கையில் பெயின்றிலுள்ள ஈயத்துக்கு வரம்பு விதித்த சட்டவிதி நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியில். அதற்கு முன் பூசிய சாமானில், முக்கியமாகப் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. ஈயத்தூள் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. வெளியே, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வோட்டர் பேப்பரால், என்95 மாஸ்க் போட்டுத் தேய்யுங்கள். கீழே பொலித்தீன் விரித்து, தூளைத் துடைத்துக் கட்டி எறியுங்கள். விளக்குமாற்றால் கூட்டினால் தூள் பறக்கும். ஊதுவிளக்கால் சுடுவது அதைவிட மோசம், ஈயம் புகையாகி மூச்சோடு உள்ளே போகும். பிள்ளைத் தொட்டில் ஒன்றை இப்படிப் புதுப்பிக்க நினைத்தால் என் அபிப்பிராயம், விட்டுவிடுங்கள்.

மற்றபடி தேய்ப்பது இலகு. சாண்ட் பேப்பரின் இலக்கம் கரடுமுரடுக்கு 120, பிரைமர் என்னும் அடிப்பூச்சுக்கு முன் 180, கோட்டுகளுக்கு நடுவே 220. மர வரி போகும் திசையில் தேயுங்கள். மரத்தை வெளுக்கத் தேய்க்க வேண்டியதில்லை, மினுக்கம் மங்கினால் போதும். ஓட்டை அடைக்கச் சுவருக்குப் போடும் பட்டியை எடுக்காதீர்கள். மரம் சுருங்கி விரியும்போது அது வெடித்துக் கழரும். மரத்துக்கான ஃபில்லர் தனியாக விற்கிறது.

பிரைமரை மிச்சம் பிடிப்பது

"இது பிரைமரும் பெயின்றும் ஒன்றாகச் சேர்ந்தது" என்று ரின்னில் எழுதியிருக்கும். மஹோகனி, தேக்கு போன்ற மரங்களின் மேல் அதை நம்பி வெள்ளை அடித்தால், இரண்டு மூன்று நாளில் செம்பழுப்புக் கறை மேலே ஊறி வரும். மரத்தின் சாயம் அது. தண்ணீரில் கரையும் பெயின்ற் அதை வெளியே இழுத்துவிடும். இன்னொரு கோட், இன்னொரு கோட் என்று அடித்துக்கொண்டே போனாலும் கறை வரும். ஷெலாக் என்னும் அரக்குப் பூச்சை ஒரு கோட் பூசி அடைத்துவிட்டுப் பிறகு பிரைமர் போட்டால் நிற்கும்.

எதற்கு மேல் எதை அடிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். எனாமலுக்கு மேல் என்.சி. லெக்கர் (தின்னரில் கலக்கும், விரைவில் காயும் பூச்சு) அடித்தால் அதன் தின்னர் அடியிலுள்ள எனாமலைச் சுருட்டித் தூக்கிவிடும். சுவருக்கு வாங்கி மிஞ்சிய எமல்ஷனைக் கதிரைக்குப் பூசுவது இன்னொரு பழக்கம். அது கழுவ ஏற்றதல்ல, வியர்வைக் கை பட்டால் ஒட்டும். மினுக்கமில்லாத சோக் பெயின்ற் அடித்து மெழுகு தேய்க்கும் பாணி படத்தில் அழகு. சித்திரை வைகாசி வெயிலில் அந்த மெழுகு இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மெழுகை விட்டு, தண்ணீர் சேர்ந்த தெளிந்த வார்னிஷ் பூசுங்கள். வெள்ளை எண்ணெய் எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளிக்கும். அலுமாரியின் உட்பக்கத்துக்குத் தண்ணீர் சேர்க்கும் எனாமல் நல்லது.

எந்த மாதம், எந்த நேரம்

ஐப்பசியிலிருந்து தை வரை, வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும் நாட்களில், மரம் ஈரத்தைக் குடித்து ஊதியிருக்கும். காற்றின் ஈரப்பதன் 85 வீதத்துக்கு மேல் போனால் பெயின்ற் சரியாக இறுகாது, எனாமல் மினுக்கம் மங்கிப் பால் படிந்ததுபோல் ஆகும். மாரியில் லாச்சி இறுகுகிறது என்று அதைச் சீவிவிடுவதும் இந்தக் காலத்தில்தான் நடக்கும். ஆனியில் அதே லாச்சி ஆடிக்கொண்டு நிற்கும். சீவாதீர்கள், ஓடும் விளிம்பில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டுக் கோடை வரை பொறுங்கள். அந்த விளிம்புக்குப் பெயின்றும் வேண்டாம்.

மாசி, பங்குனி நல்ல மாதங்கள். அதற்குப் பிறகு கச்சான் அடிக்கத் தொடங்கினால் வெப்பத்தோடு புழுதியும் வரும். ஈரப் பெயின்றில் அந்தப் புழுதி மணல் மணலாக ஒட்டும். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை, நிழலில், காற்றுத் திசைக்கு ஒரு பழைய சாரத்தையோ சாக்கையோ கட்டி மறைத்துக்கொண்டு அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும், பிறகு சுருங்கும். பின்னேரம் கடல் காற்று எழுமுன் தூரிகையைக் கழுவிவிடலாம்.

சில்லறைத் தவறுகள்: கைப்பிடியையும் பிணைச்சலையும் கழற்றாமல் அவற்றின் மேலேயே அடிப்பது. பித்தளை என்றால் புளி போட்டு விளக்கி, பழைய இரும்பு ஆணிகளுக்குப் பதில் பித்தளை ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். தேக்கில் இரும்பு துருப்பிடித்தால் சுற்றிக் கறுப்பாகக் கசியும். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், அது தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காய விட்டுப் பிறகு எறியுங்கள்.

கைக்குக் காய்ந்தது என்பதற்காகப் பெயின்ற் இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. எண்ணெய் எனாமல் மறுநாளே காய்ந்ததுபோல் இருக்கும், முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் எடுக்கும். அதற்குள் மேசையில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டாலோ, பத்திரிகை வைத்தாலோ, அலுமாரிக் கதவை இறுக்கிப் பூட்டினாலோ ஒட்டிக்கொண்டு தோலோடு வரும்.

இந்தக் கணக்கில் பார்த்தால், தைப்பொங்கலுக்கு வீடு மினுங்க வேண்டும் என்று மார்கழிக் கடைசியில் தளபாடத்துக்குப் பெயின்ற் அடிப்பது எவ்வளவு வில்லங்கமான வேலை என்று விளங்கும். மழைக்கு நடுவில் அடித்து, அரைகுறையாகக் காய, பொங்கலன்று சொந்தக்காரர் வந்து சாய்ந்து உட்கார்ந்தால் அவருடைய புது வேட்டியிலும் ஒரு கோட் ஏறும். பொங்கலுக்குச் சலவைச் சோடாத் தண்ணீரால் துடைத்து, பித்தளைக் கைப்பிடியைப் புளி போட்டு விளக்கினால் போதும். பெயின்ற் ரின்னை மாசி பிறந்த பிறகு திறந்தால், சித்திரை வருடப் பிறப்புக்குக் கதிரை இறுகித் தயாராக இருக்கும்.