மலிவு விலை பாக்கெட் பிஸ்டல்: வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் அடகுக் கடைகளிலும் துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன பிஸ்டல்கள் அடுக்கியிருக்கும். ரேவன், ஜென்னிங்ஸ், பிரைகோ, லார்சின், ஃபீனிக்ஸ் என்று பெயர்கள். பல .22 அல்லது .25 காலிபர், அதாவது குண்டின் குறுக்களவு அங்குலத்தில் ஏறக்குறைய அவ்வளவு. பெரிய கம்பெனி பிஸ்டலுக்குக் கொடுக்கும் பணத்தில் கால்வாசி இருந்தால் போதும். "ஆபத்துக்கு ஒன்று வீட்டில் கிடக்கட்டுமே" என்று வாங்குகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான தவறுகள் அந்த நினைப்பில்தான் ஆரம்பிக்கின்றன.

இவை ஏன் மலிவு என்று கேட்காமல் வாங்குவது முதல் தவறு. 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெளிநாட்டிலிருந்து வந்த மலிவான குட்டி பிஸ்டல்களின் இறக்குமதியைத் தடுத்தது. உள்நாட்டுத் தயாரிப்புக்கு அந்தத் தடை இல்லை. 1970-ல் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் கலிஃபோர்னியாவில் ரேவன் நிறுவனத்தைத் தொடங்கினார். அப்புறம் அவருடைய உறவினர்களும் தெரிந்தவர்களும் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி வரிசையாகக் கம்பெனி போட்டார்கள். எல்லோரும் பிடித்த வழி ஒன்றுதான்: எஃகைக் கடைவதற்குப் பதிலாக, துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்ப்பது. குண்டு வெளியேறும் குழாயான பேரல் மட்டும் எஃகு. இந்த உலோகம் எஃகைவிடச் சீக்கிரம் தேயும், சில சமயம் விரிசல் விடும். அதில் அதிவேக .22 தோட்டாவைப் போட்டுச் சுடுவது துப்பாக்கியை நீங்களே உடைப்பதற்குச் சமம்.

அடுத்தது, சின்னத் தோட்டா என்றால் கோளாறும் குறைவாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. உண்மை கிட்டத்தட்ட நேர்மாறு. .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பக்க விளிம்புக்குள் இருக்கிறது. விளிம்பின் ஒரு பகுதியில் மருந்து சரியாகப் பரவவில்லை என்றால், அங்கே அடி விழும்போது "டிக்" என்ற சத்தத்தோடு சரி. அந்த விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருப்பதால், மேகசினுக்குள் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) மேல் தோட்டா கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதும் உண்டு. ஜான் பிரவுனிங் 1905 வாக்கில் .25 தோட்டாவை வடிவமைத்தது இப்படிப்பட்ட குட்டி பிஸ்டல்களுக்காகவே. அதன் மருந்து நடுவில் இருக்கிறது, அதனால் வெடிப்பதில் நம்பகம் கூடுதல். ஆனால் .25 தோட்டாவின் விலை .22-ஐப் போலப் பல மடங்கு. துப்பாக்கியில் மிச்சம் பிடித்த பணம் நாலைந்து பயிற்சிகளிலேயே கரைந்துவிடும். பயிற்சியே வேண்டாம் என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், அது இன்னும் மோசம்.

.22 பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். நொடிக்கு 1,200 அடி என்பது நீண்ட பேரல் கொண்ட ரைஃபிளில் அளந்தது. இரண்டு அங்குல பேரலில் அது ஆயிரத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

சரி, இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சேஃப்டி, அதாவது தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் பூட்டு. 1994-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பிரைகோ பிஸ்டலில் இருந்து தோட்டாவை வெளியே எடுக்க முயன்றபோது அது வெடித்தது. ஏழு வயதுச் சிறுவனின் முகவாயில் குண்டு பாய்ந்து, கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்துபோனது. அந்த மாடலில் சேஃப்டியை விலக்கினால்தான் ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) பின்னால் இழுத்துத் தோட்டாவை எடுக்க முடியும். சேஃப்டி போட்டபடி ஸ்லைடை இயக்கும்போது ஜாம் ஆகிறது என்று தெரிந்தும், அந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் இப்படி மாற்றிவிட்டார்கள் என்பது வழக்கில் வெளிவந்தது. 2003-ல் நடுவர் குழு பெரும் தொகையை நஷ்டஈடாகக் கொடுக்கச் சொன்னது, கம்பெனி திவாலானது. ஆகவே சேஃப்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அது போட்டிருக்கும்போது தோட்டாவை வெளியே எடுக்க முடியுமா, கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்க உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரேவன், ஜென்னிங்ஸ் மாடல்களில் அந்தத் தடுப்பு கிடையாது. சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா நிற்கும் இடம்) தோட்டாவோடு இவற்றைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடப்பதை யாரும் செய்யக் கூடாது.

விலை கூடினால் பிரச்சினையே இல்லை என்றும் சொல்ல முடியாது. ரூகர் கம்பெனியின் எல்சிபி என்ற குட்டி பிஸ்டல், கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரியவந்து, வெளிவந்த 2008-லேயே திரும்ப அழைக்கப்பட்டது. நல்ல பெயர் எடுத்த பெரெட்டா 21ஏ என்ற குட்டி பிஸ்டலில் வேறொரு விஷயம். அதில் தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கியே கிடையாது. சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே வருவது வெடித்த வாயுவின் அழுத்தத்தால்தான். வெடிக்காத தோட்டா உள்ளே நின்றுவிட்டால் ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் வராது. பேரலின் பின்பக்கத்தை மேலே தூக்கித்தான் எடுக்க வேண்டும். இது தெரியாமல் ஸ்லைடை இழுத்துவிட்டு "காலி" என்று நினைத்தால் விபரீதம்.

ஒரு பெட்டி சுட்டேன், ஓடியது என்று திருப்திப்படுவதும் போதாது. கலிஃபோர்னியாவில் புது மாடல் பிஸ்டல் விற்பனைக்கு அனுமதி பெற 600 தோட்டா சுட வேண்டும், கோளாறு ஆறுக்கு மேல் போகக் கூடாது, முதல் இருபதில் ஒன்றுகூடக் கூடாது. அவ்வளவு இல்லாவிட்டாலும், வைத்துக்கொள்ளப் போகும் அதே தோட்டா, அதே மேகசினில் இருநூறாவது சுட்டுப் பார்க்க வேண்டும். சாவி, சில்லறை கிடக்கும் பாக்கெட்டில் உறையில்லாமல் போட்டால் பஞ்சும் தூசியும் உள்ளே ஏறி, சுட்டுப் பார்த்த பயனும் வீணாகிவிடும். டிரிகரை (சுடும் விசை) மூடும் உறை கட்டாயம்.

நம்மவர்களுக்கு ஒன்று. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மத்திய சட்டப்படி குற்றம். நண்பர் சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பழையதை வாங்குகிறவர்கள் உதிரிபாகம் பற்றி யோசிப்பதில்லை. ரேவன் 1991-ல் தொழிற்சாலை தீப்பிடித்ததோடு முடிந்தது. பிரைகோவின் சொத்தை வாங்கித் தொடர்ந்த ஹிமெனெஸ் நிறுவனம் 2020-ல் திவாலானது. ரேவனில் சுடும் ஊசியின் முனைதான் காலிக்கூட்டைத் தட்டி வெளியே தள்ளுவதும். முனை தேய்ந்தால் கூடு சிக்கும். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால், கூலி துப்பாக்கி விலையைத் தாண்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. அதனால் காசு கொடுப்பதற்கு முன்பே ஸ்லைடைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஊசி முனையையும், வார்ப்பில் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.