பழைய ஆயிலை அளந்து பாருங்கள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றினால், வடிந்ததை ஒரு அளவு ஜாடியில் ஊற்றிப் பாருங்கள். எவ்வளவு வந்ததோ, அவ்வளவுதான் முதலில் ஊற்ற வேண்டும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் நிற்கும் ஆயில் கீழே வராது. கையேட்டில் உள்ள மொத்த அளவையும் ஊற்றினால் அதிகமாகிவிடும்.

ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் சீல் பல வண்டிகளில் மேலே துளையிலேயே ஒட்டிக்கொள்ளும். டார்ச் அடித்துத் தேடி எடுத்துவிடுங்கள். அது இருக்கும்போது புதியதை மாட்டினால் ஃபில்டர் சரியாக உட்காராது, பம்ப் காற்றை இழுக்கும்.

கியர்பாக்ஸின் அடித்தட்டில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம்தான். உலோகச் சில்லு கிடந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அப்புறம், ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள். வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு கட்டாயம்.