பாசிக்கு மயில்துத்தம் போடும் முன்: மீனுக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்கிடும் முறை

மீன் குட்டையில் நூல்பாசி அடைத்துக்கொண்டால் எல்லோரும் கைகாட்டும் மருந்து மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். உடனே வரும் கேள்வி, "ஏக்கருக்கு எத்தனை கிலோ?" அதற்கு ஒரே பதில் கிடையாது. ஒரு குட்டையில் பாசியை மட்டும் கொல்லும் அளவு, பக்கத்துக் குட்டையில் மீனையும் சேர்த்துக் கொன்றுவிடும். வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. கட்லா, ரோகு விட்டிருக்கும் எங்கள் 20 சென்ட் குட்டைக்கு நான் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன்.

1. தண்ணீரின் கொள்ளளவு

பரப்பை சதுர மீட்டரில் எடுத்துச் சராசரி ஆழத்தால் பெருக்குங்கள். ஒரு சென்ட் சுமார் 40.5 சதுர மீட்டர். குட்டைக்குக் கரைச்சரிவு உண்டு, அதனால் நடு ஆழத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் மருந்து அதிகமாகிவிடும். பல இடங்களில் கழி விட்டுப் பார்த்துச் சராசரி எடுங்கள். எங்களுக்கு 810 சதுர மீட்டர், 1.2 மீட்டர், ஆக ஏறக்குறைய 970 கன மீட்டர். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் கன மீட்டருக்கு 1 கிராம்.

2. மொத்தக் காரத்தன்மை

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். மீனின் உயிர் இதில்தான் இருக்கிறது.

நீரில் தனித்திருக்கும் செம்பு அயனி செவுளில் ஒட்டி, மீன் உடலில் சோடியம் சேரவிடாமல் தடுக்கிறது. தண்ணீரில் பைகார்பனேட்டும் கார்பனேட்டும் நிறைய இருந்தால் அவை செம்பைப் பிடித்துக்கொள்ளும், செவுளுக்குப் போய்ச் சேர்வது குறையும். அதைத்தான் மொத்தக் காரத்தன்மை அளந்து சொல்கிறது.

பிஎச் மீட்டர் 9 காட்டுகிறது, அதனால் காரத்தன்மை நிறைய இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பாசி அடைத்த குட்டையில் மதியம் பிஎச் ஏறத்தான் செய்யும். வெயிலில் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுவதுதான் காரணம். காரத்தன்மை லிட்டருக்கு 30 மில்லிகிராம் மட்டுமே உள்ள தண்ணீரிலும் மதியம் பிஎச் 9 வரும். ஆய்வக அறிக்கையில் கடினத்தன்மை என்று தனியாக ஒரு எண் இருக்கும், அதையும் இதற்குப் பதிலாக எடுக்கக் கூடாது. சில ஆழ்துளைக் கிணற்று நீரில் இரண்டுக்கும் வெகுதூரம்.

அளப்பது எளிது. 50 மில்லி குட்டைத் தண்ணீரில் இரண்டு சொட்டு மெத்தில் ஆரஞ்சு (நிறம் மாறிக் காட்டும் ஆய்வகச் சாயம்) விடுங்கள், மஞ்சளாகும். அப்புறம் 0.02 நார்மல் (அமிலத்தின் செறிவைச் சொல்லும் அலகு) கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். அமிலம் விழுந்த இடத்தில் சிவந்து, கலக்கினால் மறுபடி மஞ்சளாகும். கலக்கியும் மஞ்சளுக்குத் திரும்பாமல் ஆரஞ்சாகவே நிற்கும்போது நிறுத்துங்கள். செலவான மில்லியை 20ஆல் பெருக்கினால் காரத்தன்மை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். எங்களுக்கு 6 மில்லி போனது, ஆக 120. நிறம் பார்க்கும் காகிதப் பட்டையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 80க்கும் 120க்கும் உள்ள நிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சொட்டு எண்ணும் கிட் பரவாயில்லை.

3. அளவும் ஒப்பீடும்

நன்னீர்க் குட்டைகளுக்குப் பரவலாகப் பின்பற்றும் விதி: காரத்தன்மையை 100ஆல் வகுத்தால், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மயில்துத்தம் என்று கிடைக்கும். 50க்குக் கீழே என்றால் போடவே போடாதீர்கள். 250க்கு மேல் என்றால் செம்பு சீக்கிரமே படிந்துவிடும், காசு வீண்.

120க்கு 1.2 மில்லிகிராம். 970 கன மீட்டருக்கு 1,164 கிராம். மயில்துத்தத்தில் செம்பு கால் பங்குதான், அதனால் நீரில் சேரும் செம்பு லிட்டருக்குச் சுமார் 0.3 மில்லிகிராம். இனி ஈகோடாக்ஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தில் உங்கள் மீனுக்கு, உங்கள் தண்ணீரை ஒத்த நீரில் எடுத்த 96 மணி நேர எல்சி50 எண்ணைத் தேடுங்கள். பாதி மீன் சாகும் செறிவு அது. உங்கள் செம்பு அளவை அதனால் வகுங்கள். வரும் எண் 0.5 தாண்டினால் உடனடி ஆபத்து அதிகம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவுகோல். 0.1 தாண்டினாலே நான் யோசிப்பேன்.

மீன் தப்பினாலும் மற்ற உயிர்கள் தப்பாது. கடினத்தன்மை 100 உள்ள நன்னீருக்கு அதே முகமை செம்புக்கு வைத்திருந்த குறுகிய கால வரம்பு லிட்டருக்கு 0.013 மில்லிகிராம்தான். நம் அளவு அதைப்போல 20 மடங்குக்கு மேல். நத்தை, இறால், மீன்குஞ்சுக்கு இரையாகும் நீர்ப்பூச்சிகள் எல்லாம் அடிபடும்.

4. வாளிச் சோதனை

எந்தச் சூத்திரத்தையும்விட நான் இதைத்தான் நம்புவேன். பிளாஸ்டிக் வாளிகளில் 20 லிட்டர் குட்டைத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் சில குஞ்சுகள், மீன்தொட்டிக் காற்றுக்குழாய். ஒன்றில் மருந்து இல்லை, ஒன்றில் திட்டமிட்ட அளவு, ஒன்றில் அதைப்போல இரண்டு மடங்கு. 20 லிட்டருக்கு 24 மில்லிகிராமை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. 1 கிராமை 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தால் 1 மில்லியில் 1 மில்லிகிராம் இருக்கும். சிரிஞ்சில் 24 மில்லி எடுத்து விட்டால் சரி. 48 மணி நேரம் பாருங்கள். இரண்டு மடங்கு வாளியில் குஞ்சு செத்தால் உங்களுக்குப் பாதுகாப்பு இடைவெளி போதாது, மருந்தை விட்டுவிட்டுப் பாசியை வலை போட்டு இழுங்கள்.

5. ஆக்சிஜன்

செம்பால் சாகாத மீன் சில நாள் கழித்து விடியற்காலையில் சாகும். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடுவதுதான் காரணம். அதனால் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக் குட்டைக்கு மட்டும் அடியுங்கள், எங்களுக்கு அது சுமார் 390 கிராம். கரையிலிருந்து உள்நோக்கிப் போங்கள், மீன் விலகிப் போக வழி இருக்கும். அடுத்த பங்குக்கு 10 முதல் 14 நாள் இடைவெளி. சூரியன் உதிக்கும் முன் ஆக்சிஜனை அளந்து, லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் உடனே ஏரேட்டர் போடுங்கள்.

பின்சேர்க்கை: மழைக்கு முன் அளந்த காரத்தன்மையை வைத்து மழைக்குப் பின் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. மழைநீர் சேர்ந்தால் காரத்தன்மை இறங்கிவிடும், போடும் நாளிலேயே அளக்க வேண்டும்.

இன்னொன்று: கடலோடு தொடர்புள்ள காயல், உவர்நீர்க் குட்டைக்கு இந்த 100ஆல் வகுக்கும் விதி பொருந்தாது. கடல்நீரில் செம்புக்கான அமெரிக்கக் குறுகிய கால வரம்பு லிட்டருக்கு 0.0048 மில்லிகிராம். சிப்பி வகைகளின் இளம் பருவம் செம்பைத் தாங்காது. அங்கே மயில்துத்தமே வேண்டாம்.

கீலேட் செய்த (செம்பைப் பிடித்து வைக்கும் சேர்மத்தோடு சேர்த்த) திரவச் செம்பு பற்றியும் கேட்கிறார்கள். அது கடின நீரில் படியாமல் நீண்ட நேரம் நிற்கும், அதனால் மேலே சொன்ன அளவை அதற்கு எடுக்காதீர்கள். லேபிளில் உலோகச் செம்பு எத்தனை சதவீதம் என்று பார்த்து அதிலிருந்து கணக்கிட்டு, வாளிச் சோதனையை அந்த மருந்தை வைத்தே செய்யுங்கள்.